நாற்பது ஏக்கர் மாதுளை

அந்தச் செய்தியைத்தானே படிக்கிறீர்கள் தம்பி? பரவாயில்லை, மடிக்க வேண்டாம். பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம் இல்லைதான். எழுத்து பெரிதாக இருந்தது, கண்ணில் பட்டுவிட்டது. பெரும் பணக்காரர்களுக்கு வருமான வரியை உயர்த்தலாமா என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள் போல. ஒருவர் உயர்த்து என்கிறார், ஒருவர் வேண்டாம் என்கிறார்.

என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

நான் பணக்காரன் இல்லை. நாச்சிமுத்து என்று பெயர். முப்பத்தொரு வருஷம் ஒரு ஆடிட்டர் ஆபீசில் குமாஸ்தா. இன்னும் ரிட்டயர் ஆகவில்லை, ஆகவிட மாட்டேன் என்கிறார்கள். வரியை ஏற்றினால் என்ன ஆகும் தெரியுமா? எனக்கு வேலை கூடும். அவ்வளவுதான் ஆகும். இப்போது நாற்பது ஏக்கரில் மாதுளை போட்டிருக்கிறேன். அப்போது எண்பது ஏக்கரில் போட வேண்டிவரும்.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். சிங்காநல்லூர் போக இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. முன்னால் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்களே, பார்த்தீர்களா? அவர்கள் என்னோடு வருகிறவர்கள். மெதுவாகப் பேசுகிறேன்.

எங்கள் முதலாளி என்றால் ஆபீஸ் முதலாளி இல்லை. ஆடிட்டரிடம் வரும் கட்சிக்காரர்களில் பெரியவர். ரத்தினசபாபதி என்று பெயர். மூன்று நூல் மில், இரண்டு கல்யாண மண்டபம். மில்லில் வந்த ஒரு ரூபாய்க்கு வரி உண்டு. அதே ரூபாய் மரத்தில் காய்த்தது என்று காட்டிவிட்டால் வரி இல்லை. விவசாய வருமானம். சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. இதை முதலில் படித்தபோது எனக்குக் குழந்தைகள் கதை மாதிரி இருந்தது. ஒரு மரம் வேண்டும், அவ்வளவுதானே?

குண்டடம் பக்கம் அவருக்கு நாற்பது ஏக்கர் மேட்டாங்காடு. வேலிகாத்தான் முள்ளைத் தவிர எதுவும் முளைக்காத பூமி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதில் நான் மாதுளை நட்டேன். பேப்பரில்.

சும்மா நட்டேன் என்று நினைக்காதீர்கள். வரிசைக்கு வரிசை பன்னிரண்டடி விட்டு நட்டேன். மூன்றாம் வருஷம்தான் காய்க்க விட்டேன். ஒரு வருஷம் தண்டுத் துளைப்பான் வந்தது. ஒரு வருஷம் காய் வெடித்துப் பாதி வீணாயிற்று. வருஷா வருஷம் லாபம் என்று எழுதினால் யார் நம்புவார்கள்? கிழக்குப் பக்கம் நாலாவது வரிசையில் ஒரு மரம் எனக்குச் சொன்னபடி கேட்காது. அதற்கு மட்டும் தனியாக மருந்துச் செலவு எழுதுவேன். ஆடிட்டர் ஐயா அதைப் படித்துவிட்டு, "ஏன்யா, நீ அங்கே போய்ப் படுத்துக்கிறியா?" என்று கேட்டார். அதைப் பாராட்டு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

மரம் இருந்தால் ஆள் வேண்டுமே. களை எடுக்க, பழம் பறிக்க, பத்துப் பெண்களை வேலைக்கு வைத்தேன். வாராவாரம் கூலிப் பட்டியல். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், அதனால் கைநாட்டு. பத்துக் கைநாட்டுக்கு நான் எங்கே போவது?

ஆபீஸ் கூட்டிப் பெருக்க மயிலாத்தாள் என்று ஒருத்தி வருவாள். அவளுக்குக் கைவிரல் பத்து இருந்தது.

இதுதான் நான் கண்டுபிடித்தது. வேறு எந்த ஆபீசிலும் ஒரே கட்டை விரலைப் பத்து இடத்தில் வைத்து மாட்டிக்கொள்வார்கள். நான் விரலுக்கு ஒரு பெண் வைத்தேன். வலது கட்டை விரல் வேலாத்தாள். இடது சுண்டு விரல் பாப்பாத்தி. இடது கையில் ஆள்காட்டி விரல் துளசிமணி, நடுவிரல் ராமாத்தாள். ஒரு நாளும் மாறியதில்லை. பட்டியலை விரித்து வைத்து, பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவது போலப் பெயரைக் கூப்பிடுவேன். அவள் மையில் விரலைத் தொட்டு, "இருக்கேனுங்" என்று சொல்லிவிட்டு வைப்பாள். பத்துப் பேருக்கும் பத்துக் குரல். வேலாத்தாளுக்குக் கட்டைக் குரல். பாப்பாத்திக்குக் கீச்சுக் குரல். ஆபீசே சிரிக்கும்.

ஒருமுறை அரிவாள்மணையில் சுண்டு விரலை வெட்டிக்கொண்டு துணி சுற்றி வந்தாள். "கணக்கய்யா, பாப்பாத்திக்கு ஒடம்பு செரியில்லீங். ரெண்டு வாரம் லீவு குடுத்துருங்" என்றாள். கொடுத்தேன். பட்டியலில் இருக்கிறது, ஐந்தாம் நம்பர் ரிஜிஸ்டர்.

"எம்பட கையி பத்துப் பேரு. கூலி மட்டும் ஒருத்தியோடதுங்களா?" என்றும் கேட்பாள். வாரத்துக்கு நூறு ரூபாய் கொடுத்தேன் தம்பி. விரலை வைத்து எடுப்பதற்கு நூறு ரூபாய். யார் கொடுப்பார்கள்?

ஆடி மாதம் ரிட்டர்னில் கையெழுத்துப் போட முதலாளி வருவார். வரும்போது கோயம்புத்தூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு பெட்டி மாதுளை வாங்கி வருவார். "நாச்சிமுத்து, நம்ம தோட்டத்துப் பழம். நல்லாப் பாடுபட்டிருக்கே" என்று மேஜையில் வைப்பார். ஜோக்குதான். எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று. மயிலாத்தாளுக்கும் உண்டு. "நான் பறிச்சதுங்களா இது?" என்று மோந்து பார்ப்பாள்.

ஒரு நாள் பஸ் ஏறி அந்தக் காட்டைப் பார்க்கவே போய்விட்டாள். வந்து சொன்னாள்: "முள்ளுதானுங் நிக்குது. எம்பட ஆளுக பத்துப் பேரும் அந்த வெயில்ல ஒதுங்க ஒரு நெழலு இல்லீங்களே." அவள் விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கே பட்டியலில் வேலையாட்கள் இளைப்பாற ஒரு கொட்டகை போட்ட செலவு எழுதினேன்.

பல்லடம் வந்துவிட்டதா? இல்லை, இன்னும் இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மயிலாத்தாள் மத்தியானத்துக்கு மேல் ஒரு நார் மில்லில் வேலை பார்த்தாள். தேங்காய் மட்டையை மிஷினில் கொடுக்கிற வேலை. மிஷின் இடது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. எந்த இரண்டு என்று உங்களுக்குத் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்குள் கோயம்புத்தூர் போனால் ஒட்டவைக்கலாம், விரலை ஐஸில் வைத்து எடுத்துப் போங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஐஸ் இல்லை. ஆம்புலன்ஸ் ஒன்றுதான், அது எங்கேயோ பிரசவத்துக்குப் போயிருந்தது.

இரண்டையும் ஒரு கவரில் எடுத்துக்கொண்டு அவள் மகள் ஐஸ் வாங்கக் கடைவீதிக்கு ஓடி வந்திருக்கிறாள். ஜூஸ் கடையில் ஐஸ் கொடுத்திருக்கிறார்கள். திரும்பும்போது எங்கள் ஆபீஸ் வாசலில் முதலாளியின் வெள்ளைக் கார் நிற்பதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்குத்தான் கையெழுத்து. டிரைவர் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். மாடிப்படி ஏறி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவரில் ஐஸ். ஐஸுக்கு நடுவில்.

"காருங், கணக்கய்யா. ஒரே ஒரு வாட்டி."

முகத்தை நான் பார்க்கவில்லை தம்பி. கவரைத்தான் பார்த்தேன்.

உள்ளே முதலாளி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். பெரிய மனிதர். காகிதத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் புரட்டிப் போடுவார். அந்த நேரத்தில் உள்ளே போய் எப்படிக் கேட்பது? "கொஞ்சம் பொறும்மா, முடிந்துவிடும்" என்றேன். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. கவரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும். அவள் படி இறங்கினாள். வெறுங்கையோடு நான் அனுப்பவில்லை. பெட்டியிலிருந்து ஒரு மாதுளை எடுத்து, "அம்மாவுக்குக் கொடு, ரத்தம் ஊறும்" என்று கொடுத்தேன்.

ஆம்புலன்ஸ் வந்து, கோயம்புத்தூர் போய்ச் சேர எட்டரை மணி நேரம் ஆகிவிட்டது. ஒட்டவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஊர் முழுக்க வரி வாங்குகிறார்கள், தீப்பெட்டிக்கு வரி, சோப்புக்கு வரி. ஒரு ஆஸ்பத்திரியில் ஐஸ் பெட்டி வைக்க முடியவில்லை. இரண்டாவதாக ஒரு ஆம்புலன்ஸ் விட முடியவில்லை. இதற்காகத்தான் சொல்கிறேன், இவர்களிடம் இன்னும் வரியைக் கொண்டுபோய்க் கொட்டி என்ன பிரயோஜனம்? அந்தப் பேப்பரில் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாரே, அவர் இதையெல்லாம் எழுதியிருக்கிறாரா பாருங்கள். எழுதியிருக்க மாட்டார்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி. ஒரு மாதம் கழித்து மயிலாத்தாள் வேலைக்கு வந்தாள். பட்டியலை விரித்தேன். துளசிமணி, ராமாத்தாள் இருவர் பெயருக்கு எதிரே 'வேலையை விட்டு நின்றுவிட்டார்' என்று எழுதியிருந்தேன். வேறு எப்படி எழுதுவது? மற்ற எட்டுப் பேரைக் கூப்பிட்டேன். எட்டுப் பேரும் இருந்தார்கள். குரல் மட்டும் ஒரே குரலாகிவிட்டது. முடிந்ததும் அவள் கேட்டாள்: "நின்னுபோன ரெண்டு பேருக்கும் கணக்கு முடிச்சீங்களாங்?"

"முடிச்சாச்சு" என்றேன்.

"செரிங்" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாலு வருஷம் வந்தாள், ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள். எட்டுப் பேரும் ஒரே நாளில் போனார்கள் என்று சொல்ல வேண்டும். ஆனால் தோட்டம் நிற்கக் கூடாதே. அந்த வருஷம் நல்ல விளைச்சல் வேறு காட்ட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு என் விரல்தான்.

வலது கட்டை விரல் வேலாத்தாள், இடது சுண்டு விரல் பாப்பாத்தி, அதே வரிசை. ஆள் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு வைப்பேன். பழக்கம், பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டுத்தான் வைக்க வரும். கூப்பிட்டுவிட்டு ஒரு நொடி நிறுத்துவேன். பதிலுக்கு. யார் பதில் சொல்லப் போகிறார்கள்? எட்டுப் பெயருக்கும் பதில் வராது. நான் கூப்பிடாத இரண்டு பெயர் இருக்கிறதே, அந்த இடம் வரும்போது வரும். காதில் இல்லை. இங்கே, கையில். இந்த இரண்டு விரலையும் நான் ஒரு நாளும் மையில் தொட்டதில்லை. பாருங்கள், தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருக்கிறதா? வெயில் காலத்திலும் இப்படித்தான். டாக்டர் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்கிறார். கழுத்தில் பட்டி போடச் சொன்னார். போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த வருஷம் வருமான வரி இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. இப்போதெல்லாம் மேலே இருந்து படம் எடுத்துப் பார்க்கிறார்களாம், எந்தக் காட்டில் என்ன பச்சை என்று. இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் போய் நேரிலும் பார்த்துவிட்டார்கள். முதலாளி ஆடிப்போய்விட்டார். ஆடிட்டர் ஐயா சாப்பிடவில்லை. நானோ, போச்சு, பன்னிரண்டு வருஷ விவசாயம் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? நாற்பது ஏக்கரும் முள். முள்ளுக்கு இடையில் ஒரே ஒரு மாதுளை மரம். நன்றாகக் காய்த்திருக்கிறது.

தம்பி, நான் பேப்பரில் நட்டவன். பூமியில் ஒரு குச்சி நட்டவன் இல்லை. கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கிழக்குப் பக்கம், நாலாவது வரிசை என்று என் வாய் சொன்னது. ஆடிட்டர் ஐயா என்னைப் பார்த்தார்.

ஆனால் அவர் கெட்டிக்காரர். உடனே பிடித்துக்கொண்டார். "தோப்பு இருந்தது, வறட்சியில் பட்டுப்போனது, இதோ ஒரு மரம் மிச்சம் நிற்கிறது. சாட்சிக்கு வேலையாட்கள் இருக்கிறார்கள்." இப்படிப் பதில் போனது. சரி, அந்த வேலையாட்களைக் கூட்டிவாருங்கள் என்று அங்கிருந்து பதில் வந்தது. இன்றைக்குப் பதினொன்றரை மணிக்கு. அதுதான் போகிறோம்.

எட்டுப் பேரை முதலாளியின் மேனேஜர் ஒரு மேஸ்திரியை வைத்துப் பிடித்தார். வெள்ளகோவில் பக்கத்துப் பெண்கள். ஆளுக்கு ஒரு புதுச் சேலை வேறு, எட்டும் ஒரே கலர். "தோட்டத்து ஆளுகளா, பொண்ணு வீட்டுக்காரங்களா?" என்று சத்தம் போட்டு, பழைய சேலையில் வரச் சொன்னேன். மூன்று நாள் மண்டபத்தில் உட்கார வைத்துப் பெயர் சொல்லிக் கொடுத்தேன். கடைசியில் உட்கார்ந்திருந்தவளிடம், "உன் பெயர் பாப்பாத்தி" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "செரிங்" என்றாள்.

ஆடிட்டர் ஐயா சொல்லியிருக்கிறார், வாய்வார்த்தைதான் கேட்பார்கள், கைரேகையெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்று. பார்த்தால்? இரண்டு வருஷப் பட்டியலில் இருப்பது யார் விரல்? என் மகனுக்கு இப்போதுதான் பாங்கில் வேலை கிடைத்திருக்கிறது. நான் அதை நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

காலையில் பஸ் ஸ்டாண்டில் எட்டுப் பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் கடைசியாக ஒரு தடவை பெயரைக் கூப்பிட்டேன். எல்லோரும் "ம்", "ஆமா" என்றார்கள். கடைசியில் பாப்பாத்தி என்றேன்.

"இருக்கேனுங்."

கீச்சுக் குரல். அதே குரல்.

திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். "ரெண்டு பேரு விட்டுப் போச்சுங்களே கணக்கய்யா. துளசிமணி, ராமாத்தா" என்றாள்.

"நீ யாரம்மா?"

"பரிமளாங். மயிலாத்தா மக. பாப்பாத்தி எங்கம்மாவோட எடது சுண்டு வெரலுங், தெரியாமயா இருப்பேன்? ஊட்ல பத்துப் பேரையும் சொல்லிச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டுச்சு. மேஸ்திரி வந்து இன்ன காடு, இன்ன வேலைன்னு சொன்னாரு. நானே பேரு குடுத்து வந்தனுங்."

மற்றவர்கள் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் பையிலிருந்து ஒரு மாதுளையை எடுத்தாள்.

"ஒட்டாதுன்னு சொல்லி அந்தக் கவரத் திருப்பிக் குடுத்துட்டாங்க. ரெண்டையும் எங்கம்மா எங்க பொதைக்கிறதுன்னு ரோசனை பண்ணுச்சு. அப்பறம் சொல்லுச்சு, ரெண்டு பேரும் அங்கதான வேலை செஞ்சாங்க, அங்கயே வெச்சுருவோம்னு. நீங்க குடுத்த பழத்துல நாலு வெத மேல போட்டுச்சு. ஒண்ணுதான் வந்துச்சுங். வாராவாரம் பஸ்ஸுல கொடத்தோட போயித் தண்ணி ஊத்துச்சு. அம்மா போனப்பறம் நான் ஊத்துறேன். இந்தாங்க, அன்னிக்கு நீங்க குடுத்ததுதான். திருப்பிக் குடுத்தாச்சு."

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்வது? இந்தப் பையில் இருக்கிறது, ரிஜிஸ்டருக்கு மேலே.

"வரி ஆபீசில் என்ன சொல்லப்போகிறாய்?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங். பேரு பாப்பாத்தி, பன்னண்டு வருசமா வேலை. ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

பெருமூச்சு விட்டேன்.

"நின்னுபோன ரெண்டு பேரு எங்கேன்னு ஆபீசரு கேப்பாரல்லங்? கடுதாசில அதும் போட்டிருக்குன்னு மேனேசரு சொன்னாரு. அத மட்டும் நீங்க சொல்லுங் கணக்கய்யா. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் எழுதுனீங்க."

சொல்லிவிட்டு ஏறி, முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது சீட்டு, ஜன்னல் ஓரம், பச்சைச் சேலை. அப்போதிலிருந்து ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடிதத்தில் இருக்கிறது தம்பி. 'பணியிலிருந்து விலகிய இருவரின் தற்போதைய இருப்பிடம்.' ஆடிட்டர் ஐயா, தெரியவில்லை என்று சொல்லிவிடு என்றார். நேற்று வரைக்கும் சுலபமாகச் சொல்லியிருப்பேன். நான் இல்லாததை எழுதியிருக்கிறேன், நிறைய எழுதியிருக்கிறேன். அது தொழில். ஆனால் இருக்கிற இடம் தெரிந்த ஒரு ஆளைத் தெரியாது என்று நான் எழுதியதில்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒருமுறை இல்லை. இப்போது தெரியும். சர்வே நம்பரோடு தெரியும். எந்த வரிசை, எத்தனையாவது மரம் என்று தெரியும். ஆபீசர் கேட்டால் வாய் சொல்லிவிடுமோ என்றுதான் இருக்கிறது. சொன்னால், யார் அந்த இரண்டு பேர் என்பார். அதற்கும் சொல்ல வேண்டும். பிறகு மற்ற எட்டுப் பேர்.

நீங்கள் படித்தவர். என்ன சொல்வீர்கள்?

வேண்டாம், சொல்லாதீர்கள். சிங்காநல்லூர் வந்துவிட்டது. எழுந்திருக்கிறார்கள் பாருங்கள். இந்தப் பையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறீர்களா? இடது கையில் பிடி நிற்கவில்லை. கனமாகத்தான் இருக்கும், பன்னிரண்டு வருஷம். பழம் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாமா? ஏன், நல்ல பழம்தான்.

படியில் நின்று கூப்பிடுகிறாள். கேட்கிறதா? எட்டுப் பேரும் இறங்கியாயிற்று, நான்தான் பாக்கி. "கணக்கய்யா!" என்கிறாள். பட்டியலைப் பார்த்துக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறாள்.

இருக்கேனுங்.